கோட்டைப்பட்டினத்துக்கு ஒரு பிளாஸ்க் மருந்து

பினாங்கில் கப்பல் ஏறியது முதல் அந்த பிளாஸ்க் என் மடியை விட்டு இறங்கவில்லை. உள்ளே காபி இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். தேவகோட்டைக்காரர் ஒருவர் இரண்டு தடவை தம்ளரை நீட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை, நான் கஞ்சன் என்று முடிவு கட்டிக்கொண்டு, படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உள்ளே இருந்தது இன்சுலின். பஞ்சும் ரப்பர் துணியும் சுற்றிய சின்னக் குப்பிகள், அவற்றைச் சுற்றி ஐஸ் துண்டுகள். கப்பல் சமையல்கட்டில் இருந்த கோவாக்காரரைத் தினமும் கெஞ்சி ஐஸ் வாங்கினேன். "சூடு பட்டால் கெட்டுவிடும். அதற்காக உறைய விட்டாலும் கெட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்" என்று மருந்துக்கடைச் சீனர் மலாய் மொழியில் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் சுபாவத்திலேயே கிடையாது.

மருந்து காதருக்கு. அவனும் நானும் புதுக்கோட்டைக் காலேஜில் இண்டர்மீடியட் படித்தபோது ஒரே பெஞ்சு. அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். கோட்டைப்பட்டினம் தஞ்சாவூர் ஜில்லா. கடற்கரையிலிருந்து அவன் எங்கள் ராஜா காலேஜுக்குப் படிக்க வந்தான். படிப்பு முடிந்து நான் பினாங்குக்குக் கணக்கு எழுதப் போனேன். அவன் அப்பா விட்டுப்போன வள்ளங்களையும் கருவாட்டு வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டான். இது அறுபத்து மூன்றாம் வருஷம். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

காதருக்குச் சர்க்கரை வியாதி. மெட்ராஸில் கிடைக்கிற இன்சுலின் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. போட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். ஒத்துக்கொள்கிற ரகம் பினாங்கில் கிடைத்தது. ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை யாரும் அகப்படவில்லை. அதற்குள் அவன் காலில் முள் குத்திப் புண்ணாகி, ஆறாமல் நின்றுவிட்டது. சர்க்கரையை இறக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டாராம். கடிதத்தைப் படித்த அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன். "நீங்கள் போய்ச் சேருவதற்குள் கவலையிலேயே உங்களுக்கும் சர்க்கரை வந்துவிடும்" என்றாள் என் மனைவி. அவளுக்கு நான் எப்போதும் வேடிக்கைதான்.

மெட்ராஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி பிளாஸ்க்கைத் திறந்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். யாருக்கு, எதற்கு, ஏன் இத்தனை. "ஐயா, மூடியை மூடிக்கொண்டு கேளுங்கள், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்தில் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார். எழும்பூரில் வாங்கிய ஐஸ் ரயிலில் விழுப்புரம் வரைக்கும் கூடத் தாங்கியிருக்காது. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்ததும் ஒரு காரணம்.

புதுக்கோட்டை ஸ்டேஷனில் விடிகாலையில் இறங்கினேன். பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான் சலசலத்தது. கண்ணில் பட்ட முதல் ஜட்காவில் ஏறி, "ஐஸ் எங்கே கிடைக்குமோ அங்கே விடு" என்றேன்.

"கல்யாணங்களா?" என்று கேட்டார் ஜட்காக்காரர்.

"மருந்துக்கு."

"மருந்துக்கு ஐஸா? சுக்கு வாங்கிக் கொடுங்க, சரியாப் போயிரும்" என்றார். வழி நெடுக அவர் வைத்தியம் சொல்லிக்கொண்டு வந்தார். வியாதி யாருக்கு, என்ன வியாதி என்று கடைசி வரை கேட்கவில்லை.

பினாங்கில் தெருவுக்குத் தெரு ஐஸைச் சீவிச் சிவப்புப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். சாக்கடை ஓரத்தில்கூட ஐஸ் கிடக்கும். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சர்பத் கடைக்காரர் மரத்தூள் மூட்டையைக் கவிழ்த்துக் காட்டினார். அதில் மரத்தூள் மட்டும் இருந்தது.

"திருச்சியிலேருந்து லாரி வரணுங்க. நேத்தே வரலை."

"எப்போது வரும்?"

"வந்தா வருங்க. ஒரு நன்னாரி குடிங்க, ஐஸ் இல்லாம."

அறந்தாங்கிப் பக்கம் போகும் முதல் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கேட்டேன். "டிரைவர் வந்துட்டாரு, கண்டக்டர் வரலை" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "கண்டக்டர் வந்துட்டாரு, டிரைவர் சாப்பிடப் போயிட்டாரு" என்றார்கள். சர்பத் கடை மண்பானையில் இருந்த குளிர்ந்த தண்ணீரில் என் வேட்டியின் ஒரு முனையை நனைத்து பிளாஸ்க்கைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அறிமுகமில்லாத நாலு பேர் என்னையும் என் வேட்டியையும் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள். காபி நன்றாக மணத்தது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏண்டா சுப்பையா, நான் ஸ்டேஷன்ல கெடந்து தேடுறேன், நீ இங்கிட்டு வேட்டியை அவுத்துக்கிட்டு நிக்கிறியா?"

ராயவரம் அருணாசலம். எங்கள் வகுப்புக்காரன்தான். செட்டியார் வீட்டுப் பிள்ளை. சைகோனிலும் பினாங்கிலும் அவர்களுக்குக் கடை உண்டு. உடம்பு இரண்டு மடங்காகியிருந்தது, குரல் மட்டும் பெஞ்சில் கேட்ட அதே குரல். வருகிற நாளை ஒரு கார்டில் நான்தான் அவனுக்கு எழுதியிருந்தேன். எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் வகுப்புச் சட்டம் அப்படி.

அந்தச் சட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். காலேஜை விட்டுப் பிரிகிறபோது பத்துப் பதினைந்து பேர் சைக்கிளில் சித்தன்னவாசல் போனோம். குகையையும் சித்திரங்களையும் பார்த்ததாக நினைவில்லை. பாறை மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றதுதான் நினைவிருக்கிறது. அங்கே வைத்து அருணாசலம் எழுந்து நின்று ஒரு சட்டம் போட்டான். நம்மில் எவன் எந்த ஊருக்குப் போனாலும், வழியில் வகுப்புக்காரன் வீடு இருந்தால் அங்கே கை நனைக்காமல் தாண்டக் கூடாது. தாண்டினால் அவனோடு யாரும் பேசக் கூடாது. நாங்கள் கைதட்டினோம். அது விளையாட்டு என்றுதான் அன்று நினைத்தோம்.

ஆனால் எங்களை இத்தனை வருஷம் ஒட்டவைத்தது அந்தச் சட்டம்தான். கடிதம் எழுதுவதில் நாங்கள் எல்லோரும் சோம்பேறிகள். சாப்பிடுவதில் யாரும் சோம்பேறி இல்லை. தாசில்தார் ஆகிவிட்ட ஒருவன் ஜீப்பில் கீரனூரைத் தாண்டிப் போனான், அங்கே இருந்த வகுப்புக்காரன் வீட்டில் இறங்கவில்லை. அவனோடு நாலைந்து வருஷம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு வேளை சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

"நேரே கோட்டைப்பட்டினம் போகணும்டா" என்றேன் அருணாசலத்திடம். "உன் கார் இருக்கிறதே, கொண்டுபோய் விட்டுவிடு."

"விடுறேன். நாளைக்கு. இன்னிக்கு ராயவரம்."

"ஐஸ் கரைந்துவிட்டது. மருந்து கெட்டுப்போகும்."

"அதுக்குத்தாண்டா சொல்றேன். எங்க வீட்டுல ஐஸ்பெட்டி இருக்கு. சைகோன்லேருந்து வந்தது, மண்ணெண்ணெயில ஓடுது. ஒரு ராத்திரி அதுல கெடக்கட்டும். நீயும் கை நனைச்ச மாதிரி ஆச்சு, மருந்தும் குளுந்த மாதிரி ஆச்சு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நியாயமான யோசனைகளால்தான் என் வாழ்க்கையில் நிறையக் கெட்டுப்போயிருக்கிறது.

அரிமழம் தாண்டியதும் கார் புகையாய்க் கக்கி நின்றது. ரேடியேட்டர் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. டிரைவர் கண்மாயில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் அப்படியே ரோட்டில் இறங்கியது. அருணாசலம் ஒரு வேப்பமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து, மடியிலிருந்து சீப்புச் சீடையை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தான். "தின்னுடா" என்றான். நான் பிளாஸ்க்கைச் சட்டைக்குள் விட்டு வெயிலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாய் வந்த மாட்டு வண்டிக்காரர் இறங்கிப் பார்த்து, "ஐயாவுக்கு நெஞ்சு வலிங்களா?" என்று விசாரித்தார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒரு கிழிந்த சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, நின்று நின்று ராயவரம் போய்ச் சேருகிறபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது.

அருணாசலத்தின் வீட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. முன் வாசலில் நுழைந்து பின் வாசலில் வெளியே வந்தால் அடுத்த தெரு. நான் தேடியது ஐஸ்பெட்டியை மட்டும். சாப்பாட்டுக் கூடத்தில், பித்தளை அண்டாக்களுக்கு நடுவே, வெள்ளையாய் நின்றது. அடியில் மண்ணெண்ணெய்த் திரி எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு வைத்தால் குளிர்கிற பெட்டியை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கீழ்த்தட்டில், பால் செம்புக்குப் பக்கத்தில், குப்பிகளை என் கையாலேயே அடுக்கினேன். "இங்கேயே இருக்கட்டும். குளிர்ச்சியாக இருந்தால் போதும்" என்று சொல்லி வைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க எனக்கு ஒருநாளும் மனம் வராது. ஊரிலிருந்து கிளம்பினால் பணத்தை மூன்று பையில் வைப்பேன். அதனால் ஒரே ஒரு குப்பியை மட்டும் எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, எனக்குக் கொடுத்த அறையில் இருந்த மண் கூஜாவின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அருணாசலம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எங்க பெட்டி மேல அவ்வளவு நம்பிக்கை!"

இரவுச் சாப்பாட்டில் கோழி வறுவலும் கந்தரப்பமும் இருந்தன. அவன் மனைவி ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து, "இதுல ஒண்ணு வைக்கட்டுங்களா?" என்று கேட்கிறபோதே வைத்தும் விட்டார். சாப்பிடும்போது காதர் பேச்சு வந்தது.

"நாளைக்கு நீயும் வருகிறாய்தானே?" என்றேன்.

"டிரைவர் வாரான்ல. எனக்குக் கொஞ்சம் ஜோலி இருக்கு" என்றான் இலையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தெரியும். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் போட்ட அருணாசலம், காதர் வீட்டில் மட்டும் இதுவரை கை நனைத்ததில்லை. காதர் ராயவரத்துக்கு எத்தனையோ தடவை வந்து சாப்பிட்டிருக்கிறான். பின்கட்டில் தனியாக இலை போட்டுத்தான். காதர் மகள் கல்யாணத்துக்கு அருணாசலம் காரில் போனான், ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு விரதம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். இன்னொரு தடவை வயிறு சரியில்லை என்றான். அவன் ஆட்டுக்கறி தின்னாத ஆளில்லை. "ஆத்தாவுக்குத் தெரிஞ்சா அன்னந்தண்ணி எடுக்க மாட்டாங்கடா" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னான். ஆத்தா போய்ச் சேர்ந்து வருஷம் மூன்றாகிவிட்டது. வழக்கம் மட்டும் நின்றபாடில்லை. காதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் எங்கள் எல்லோருக்கும் உறுத்தல்.

மறுநாள் காலை இட்லியும் இரண்டு தினுசுச் சட்னியும் இலையில் விழுந்தபோது அருணாசலம் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.

"ஒன் மருந்து இப்பக் கல்லு மாதிரி இருக்கு, போய்ப் பாரு" என்றான்.

என் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது. "கல் மாதிரி என்றால்?"

"நீ பாலுக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போயிட்டே. அங்க என்ன பெருசாக் குளுரப்போகுது? அதான் மேல, ஐஸ் கட்டுற அறையில எடுத்து வச்சேன். பேரப்பிள்ளைகளுக்கு வச்சிருந்த ஐஸ்க்ரீமைக்கூட எடுத்துட்டேன். வந்தவுக சாமானை நல்ல எடத்துல வைக்க வேணாமா?"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மேல் அறையில் குப்பிகள் வெள்ளை வெள்ளையாய் உறைந்து கிடந்தன. இரண்டு வெடித்திருந்தன. மற்றவற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உருகும் வரை நின்றேன். உருகிய மருந்துக்குள் திரிதிரியாய் ஏதோ மிதந்தது. சீனர் சொன்னது காதில் மறுபடி கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று முழுதும் எழுத முடியாது. அவன் மனைவி அடுப்படிப் பக்கம் போய்விட்டார். "உன் விருந்தும் வேண்டாம், உன் சட்டமும் வேண்டாம்! அவன் காலைத்தானே கேட்டாய், எடுத்துக்கொள்!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அருணாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு பெரிய உடம்பு ஒரு முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

"உறையக் கூடாதுன்னு நீ சொல்லலையேடா" என்றான் மெதுவாக.

சொல்லவில்லைதான். குளிர்ச்சியாக இருந்தால் போதும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் அப்போது எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பிறகு அந்தக் கூஜா நினைவுக்கு வந்தது. அறைக்கு ஓடினேன். ஈரத்துணிக்குள் அந்த ஒரு குப்பி தெளிவாக, தண்ணீர் மாதிரி இருந்தது. காதருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசிக்குத் தாங்கும். அதையும் ரயிலில் சூடு அடித்திருந்தால்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உடம்பில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அருணாசலம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். தபாலாபீசைத் திறக்கச் சொல்லிப் பினாங்குக் கடைக்குத் தந்தி கொடுத்தான். இதே மருந்து, ஆகாய விமானத்தில், உடனே. திரும்பி வந்து காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"நானும் வாரேன். அவன் மொகத்தைப் பாத்து நானே சொல்லணும்."

புது ரப்பர் குழாய் போட்ட கார் ஒழுங்காகத்தான் ஓடியது. அறந்தாங்கி ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வரவேண்டிய ரயில் கண்ணுக்கெட்டும் தூரம் வரை இல்லை. பக்கத்தில் நின்ற எலுமிச்சம்பழ வண்டிக்காரர் கேட்காரரிடம், "ஒங்க ரயில் வர்றதுக்குள்ள என் பழம் ஊறுகாயாயிரும்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அருணாசலம் சிரிக்கவில்லை. அந்த ஒரு குப்பியோடு என் மடியில் இருந்த பிளாஸ்க்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பதற்றம் அவனுக்கும் தொற்றிவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்ப திருப்தி.

மீமிசல் தாண்டியதும் காற்றில் உப்பும் கருவாடும் கலந்து அடித்தது. கோட்டைப்பட்டினத்தில் வெயில் மணலிலிருந்து கிளம்பி முகத்தில் அறைந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் காதர் வீட்டைக் கேட்டோம். "காதரு அண்ணன் வீடா? அந்தா, அங்கிட்டுப் பச்சைக் கதவு. காலு எப்படி இருக்குன்னு பாக்க வந்தீகளா?" என்று கூடவே வந்துவிட்டார்.

காதர் கட்டிலில் சாய்ந்திருந்தான். இளைத்துப் பாதியாகியிருந்தான். வலது கால் ஒரு தலையணை மேல் துணி சுற்றி இருந்தது. அறைக்குள் டெட்டால் வாடை, அதற்கு அடியில் வேறொரு வாடை. என்னைப் பார்த்துச் சிரித்தவன், எனக்குப் பின்னால் அருணாசலத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"ராயவரத்தானா? என்னாடா, நான் மவுத்தாகப் போறேன்னு சொல்லிட்டாங்களா?"

அருணாசலம் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, என் மேல் ஒரு பங்கும் போடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "ஒன் காலு போச்சுன்னா நான் என்னடா செய்வேன்?" என்றான்.

காதர் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான்.

"ரசாயன வகுப்புல அத்தனை குழாயையும் ஒடச்சவன் நீதான். இன்னும் ஒடைக்கிறதை விடலையா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் நீலத் திராவகமும் இருந்தன. சர்க்கரை எவ்வளவு என்று அவனே பார்த்துக்கொள்வான். சிறுநீரில் சில சொட்டை நீலத்தில் விட்டுக் காய்ச்சினான். வகுப்பில் நின்ற மாதிரியே நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் திரண்டது. அதற்கு மேல் கெட்ட நிறம் கிடையாது. அருணாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

காதர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஊசியைக் கொதிக்க வைத்துத் தொடையில் தானே போட்டுக்கொண்டான். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாய் இறங்கி ஆள் மயங்கிவிடுவான். இது எனக்குத் தெரியும். அருணாசலத்துக்கும் காரில் சொல்லியிருந்தேன்.

உள்ளேயிருந்து பெரிய வட்டத் தட்டு வந்தது. மூன்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சகன். நடுவில் சோறு, ஓரமாய்க் கொடுவா மீன் குழம்பு. காதர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். அவர் கையில் தனியாக ஒரு எவர்சில்வர் தட்டு பளபளத்தது.

"அண்ணனுக்கு இது. மக கல்யாணத்தப்ப இவுகளுக்குன்னே வாங்குனது. வேற யாரும் பொழங்கலை" என்றார்.

அருணாசலம் அந்தத் தட்டைப் பார்த்தான். "இல்லம்மா, எனக்கு இன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். என்ன விரதம் சொல்லலாம் என்று தேடினான் போலிருக்கிறது. ஒன்றும் அகப்படவில்லை.

காதர் தன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி, நானும் சாப்பிடலை."

"டேய், ஊசி போட்டிருக்கே!" என்றேன்.

"தெரியும். சட்டம் போட்டவன் உக்காரட்டும். அவன் கை வச்சா நான் கை வைக்கிறேன்."

"விளையாடாதடா, காதரு" என்றான் அருணாசலம்.

"யாரு வெளையாடுறா? சித்தன்னவாசல்ல என் புளிச்சோத்தைப் பிடுங்கித் தின்னே. மலையில யாரும் பாக்கலை. சரி, ஒங்க ஆத்தா இருந்த வரைக்கும் நான் கேக்கலை. நீ வருவே வருவேன்னு இவ ஒவ்வொரு தடவையும் ஒலை வச்சா. அது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது."

வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. காதர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய்க் கிளம்பியதை நான் பார்த்தேன். வெயிலா, மருந்தா? மருந்து என்றால் அது கெடவில்லை என்று அர்த்தம்; கால் பிழைக்கும். ஆனால் அவன் இன்னும் சாப்பிடவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. "அருணாசலம்!" என்று கத்திவிட்டேன்.

அருணாசலம் எழுந்தான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். வாசல் தொட்டிக்குப் போய், கைகளை முழங்கை வரை கழுவிக்கொண்டு திரும்பி வந்தான். காதர் மனைவி நீட்டிய தட்டை வாங்கிப் பக்கத்துப் பலகையில் வைத்தான்.

"இது வேணாம்மா. சுப்பையா, தள்ளி உக்காரு."

கனத்த உடம்பை மடக்கிச் சகனுக்கு முன்னால் உட்கார்ந்து, குழம்பு ஊறிய பக்கமாய்ப் பார்த்துப் பிசைந்து, முதல் உருண்டையை எடுத்தான். வாயில் போட்டுக்கொள்ளவில்லை. காதர் பக்கம் நீட்டினான். காதர் வாய் திறந்து வாங்கிக்கொண்டான். அடுத்ததை அருணாசலம் தின்றான். அப்புறம் மூன்று கைகளும் ஒரே தட்டில் மோதின. மீன் முள் பார்த்து எடுக்கத் தெரியாமல் அருணாசலம் இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது முள்ளாலா என்று நாங்கள் கேட்கவில்லை. கதவோரம் நின்றவர் முக்காட்டைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று இரவு இருவரும் அங்கேயே படுத்தோம். மறுநாள் காலையில் காதர் குழாயைக் காய்ச்சினான். நீலம் பச்சையில் வந்து நின்றது. இன்னும் ஒரு கொதி விட்டுப் பார்த்தான். பச்சைதான். கெடாத மருந்து. அருணாசலம் அந்தக் குழாயைத் தொடக்கூட இல்லை. உடைத்துவிடுவேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

விமானத்தில் வந்த மருந்தை அருணாசலமே திருச்சிக்குப் போய் வாங்கி, இரண்டு பிளாஸ்க்கில் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தானாம். நான் பினாங்கு திரும்பிய பிறகும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கணக்கைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். ஒரு நாள் காதர் கடிதம் வந்தது.

"கால் தப்பிவிட்டது. ஒரு விரல் மட்டும் போயிற்று, அது முன்னாலும் ஒன்றும் பெரிய வேலை பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தான். "ராயவரத்தான் மாதம் தவறாமல் வருகிறான். வந்ததும் என் காலைப் பார்ப்பதில்லை, அடுப்படியைத்தான் பார்க்கிறான். வட்டலப்பம், தொதல் என்று டாக்டர் எனக்கு விலக்கிய இனிப்பை எல்லாம் என் கண் முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போகிறான். இந்தச் சட்டத்தை எப்படியாவது மாற்ற முடியுமா என்று நீயாவது வந்து அவனிடம் கேள்."